செந்தாமரை நகரில் முடியாட்சி

சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு தாமரைக் குளத்தைத் தூர்த்து மனை போட்டார்கள். குளம் போனாலும் பெயராவது மிஞ்சட்டும் என்று அதற்குச் செந்தாமரை நகர் என்று பெயர் வைத்தார்கள். நாலு தெரு. முதல் இரண்டும் மேட்டில். அங்கே இருந்தவர்கள் ஆரம்பத்திலேயே மனை வாங்கிப்போட்டவர்கள். பென்ஷன்காரர்கள், சொந்த ஊரில் நிலம் நீச்சு உள்ளவர்கள். மூன்றும் நாலும் பழைய குளத்தின் வயிற்றில். அங்கே வந்தவர்கள் கீரப்பாளையம், கம்மாபுரம் பக்கத்தில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், பாங்க் லோனில் வீடு கட்டியவர்கள். ஐப்பசி மழையில் குளம் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும்போது முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இந்த நகரைப் பேராசிரியர் வைத்திலிங்கம் பதினாலு வருஷமாக ஆண்டுவந்தார். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் என்பதுதான் பதவியின் பெயர். ஆனால் வைத்திலிங்கம் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் செய்வது ஆட்சி என்பது அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் குடியரசு தினத்தன்று காலையில் கொடி ஏற்றுவார். அப்புறம் பந்தலில் பொதுக்குழு. யார் வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். வைத்திலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லோரும் பேசி ஓய்ந்ததும், ஏற்கெனவே முடிவு செய்ததை அறிவிப்பார். கடைசியில் அவருடைய மச்சான் சௌந்தரம் எழுந்து, "இப்ப இருக்கிற நிர்வாகமே தொடரலாம்னு கேட்டுக்கறேன்" என்பார். கைதட்டல். அப்புறம் மிக்சர், டீ.

"நான் சர்வாதிகாரி இல்ல லேகா" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். "அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட மன்னர் மாதிரி. தாராளவாத முடியாட்சின்னு இதுக்குப் பேரு."

சந்திரலேகா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அந்த அரசியலமைப்பு எங்க இருக்குது?"

"எழுதப்படாத அரசியலமைப்பு. இங்கிலாந்துலயும் அப்பிடித்தான்."

"அதான பாத்தேன். எழுதியிருந்தா யாராவது படிச்சிருப்பாங்களே."

கெட்ட ராஜா என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தெருவிளக்கு வந்தது அவரால். பஸ் நிறுத்தம் வந்தது அவரால். தண்ணீர் மட்டும் கொஞ்சம் தகராறு. காலையில் மோட்டார் போட்டால் முதல் இரண்டு தெருக்களுக்கு நிறைந்த பிறகுதான் மற்றவற்றுக்கு வால்வு திறக்கும். மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவது கஷ்டம், பள்ளத்துக்கு அது தானே ஓடிவிடும் என்பது பேராசிரியரின் இயற்பியல். நாலாந்தெருவுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்திருந்தால் அந்த இயற்பியல் நின்றிருக்காது. ஆனால் அவர் நாலாந்தெருவுக்குப் போனதில்லை. மன்னர்கள் எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருக்க முடியாது.

2008இல் நேபாளத்தில் மன்னராட்சியை எடுத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் கடலூரில் ஒரு கல்லூரி அதைப் பற்றிக் கருத்தரங்கு வைத்து, வைத்திலிங்கத்தைச் சிறப்புரைக்கு அழைத்தது. 'தாராளவாத முடியாட்சியிலிருந்து மக்களாட்சிக்கு: மாற்றத்தின் இடர்ப்பாடுகள்' என்று தலைப்பு. ஓய்வு பெற்ற பிறகு யாரும் மைக் கொடுக்காத மனிதருக்கு மைக் கிடைத்தால் என்ன ஆகும்? வைத்திலிங்கம் வெளுத்து வாங்கினார்.

"ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்கிறான் மன்னன்! நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு தண்ணீரில் இறங்கு என்று பிள்ளைக்குச் சொல்லும் தகப்பன் மாதிரி! நல்ல மன்னன், கெட்ட மன்னன் என்பதல்ல கேள்வி. அவனை அனுப்ப நமக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி!"

மாணவர்கள் விசிலடித்தார்கள். வைத்திலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. நேபாளத்தையே தான் விடுவித்ததுபோல இருந்தது.

சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து இடம் விட்டார். "சார், இப்பிடி ஒக்காருங்க."

எங்கேயோ பார்த்த முகம். யோசித்தார்.

"சவரியம்மாள் சார். கடலூர் பெரியாஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். உங்க நகர்தான், நாலாந்தெரு. இப்ப மீட்டிங்ல நன்றியுரை சொன்னாளே சுவேதா, அவ என் பொண்ணுதான். அவ பேசறதக் கேக்கலாம்னு பர்மிஷன் போட்டு வந்தேன்."

"அப்படியா, சந்தோஷம் சிஸ்டர்."

"பொண்ணு பேசறதக் கேக்க வந்து உங்க பேச்சையும் கேட்டேன். இத்தினி வருஷமா உங்களத் தப்பா நெனச்சிட்டேன் சார்."

வைத்திலிங்கம் அடக்கமாகச் சிரித்தார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

"ஜனங்க ரெடியான்னு ராஜா கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. அப்ப நம்ம நகர்லயும் எலெக்‌ஷன் வெச்சிடலாந்தான சார்?"

வைத்திலிங்கத்தின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. "நேபாளம் வேற, நம்ம நகர் வேற சிஸ்டர்."

"என்னா சார் வித்தியாசம்?"

முப்பது வருஷம் ஒப்பீட்டு அரசியல் பாடம் நடத்தியவர் அவர். புதுச்சத்திரம் வரை யோசித்தார்.

"அங்க மலையெல்லாம் இருக்கு" என்றார்.

சவரியம்மாள் மரியாதையாகத் தலையாட்டினார். பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் மூன்றாந்தெரு. அந்த வாரம் முடிவதற்குள் செந்தாமரை நகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: பேராசிரியரே தேர்தல் வேண்டும் என்று கடலூரில் பேசிவிட்டார், சால்வைகூடப் போட்டார்களாம்.

மறுத்துப் பேசவும் வழியில்லை, ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. மன்னர்கள் இப்படி மாட்டிக்கொள்ளும்போது என்ன செய்வார்கள் என்று வைத்திலிங்கத்துக்குப் பாடமாகவே தெரியும்: சீர்திருத்தம் செய்வார்கள். தலைவர் தவிர மற்ற எல்லாப் பதவிகளுக்கும் தேர்தல் நடத்தலாம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அப்புறம், ஆரம்பத்தில் மனை வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மேலவை, அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்றார். "மாடியில ஒரு சபையா? மழை பேஞ்சா அங்கதான் சார் நாங்க ஏறி நிப்போம்" என்றது நாலாந்தெரு.

மழை முடிந்ததும் சிறப்புப் பொதுக்குழு கூடியது. இந்தத் தடவை கூட்டம் ஜாஸ்தி. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று மூன்றாந்தெருக்காரர் ஒருவர் தீர்மானம் சொன்னார். சௌந்தரம் துள்ளி எழுந்தார்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னா, கீழ் ரெண்டு தெருவுலதான வீடு ஜாஸ்தி? அப்பறம் கண்டவுங்களும் வந்து தலைவர் நாற்காலியில ஒக்காந்துடுவாங்க."

சவரியம்மாள் எழுந்தார். சத்தம் போடவில்லை. "கண்டவுங்கன்னா யாரு சார்? பேரு சொன்னா நாங்களும் தெரிஞ்சிக்குவோம்."

சௌந்தரம் மாமனைப் பார்த்தார். வைத்திலிங்கம் விரைந்து எழுந்தார். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே மன்னர் இருக்கிறார்?

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நகர்ல என்னைக்காவது வித்தியாசம் பாத்திருக்கமா? போன கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுலேருந்து கேக் வந்துது. நானே சாப்பிட்டேன். கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பாருங்கள் என்றது தப்பாகப் போயிற்று. பெண்கள் வரிசையிலிருந்து சந்திரலேகாவின் குரல் வந்தது. "நீங்க எங்க சாப்பிட்டீங்க? மதிலு மேல வெச்சீங்க. காக்காதான் சாப்பிட்டுச்சி."

பந்தல் அதிர்ந்தது. சிரிப்பு ஒரு பக்கம் அடங்கினால் மறுபக்கம் கிளம்பியது. முதல் தெருவும் சிரித்தது. அவர்கள் வீட்டு மதிலிலும் அன்றைக்குக் காக்கைகள் இருந்தன என்பது வேறு விஷயம். சவரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "ஓட்டு விஷயத்துக்கு வருவோம் சார்" என்றார்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல் என்று தீர்மானம் நிறைவேறியது.

"சபையில மானத்த வாங்கிட்டியே" என்று அன்றைக்கு வீட்டில் வைத்திலிங்கம் குமுறினார்.

"அந்தக் கேக்க இழுத்தது யாரு? நீங்க பாட்டுக்கு மலைய இழுத்த மாதிரி வேற எதையாவது இழுத்திருக்கலாமில்ல?"

ஆனால் அவர் மனம் தளரவில்லை. யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதற்குத்தான். ஜனங்களே விரும்பித் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடியாட்சியும் ஆச்சு, மக்களாட்சியும் ஆச்சு. தேர்தலில் நின்றார். நேபாளத்தில் தொடங்கிப் பிரெஞ்சுப் புரட்சி வழியாகத் தெருவிளக்கில் முடிகிற ஆறு பக்க நோட்டீஸ் ஒன்றை அச்சடித்து, பேப்பர் போடும் பையனிடம் கொடுத்து வீடு வீடாகப் போடச் சொன்னார். சவரியம்மாளும் நின்றார். வால்வைத் தெருவுக்கு ஒருநாள் முறை வைத்துத் திறப்பேன் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதாகப் பொன்னுரங்கம் நின்றார். மூன்றாந்தெரு. ஜல்லி, சிமெண்ட் வியாபாரம். பேச்சு வராது, ஆனால் கும்பிடு வரும். யாரைப் பார்த்தாலும் "அண்ணே", "அக்கா" என்று இரண்டு கையும் குவித்துவிடுவார். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கொரு எவர்சில்வர் குடம் வந்து இறங்கியது.

"லஞ்சம்! ஜனநாயகத்தின் கழுத்தில் கத்தி!" என்று கொதித்துக்கொண்டே வைத்திலிங்கம் அடுக்களைக்குள் போனார். அங்கே மேடைமேல் ஒரு புதுக் குடம் பளபளத்தது.

"வீடு தேடி வந்தத வேணாம்னா சொல்லுவாங்க?" என்றார் சந்திரலேகா.

தேர்தல் நடத்த வெளி ஆளாக, பக்கத்து நகரிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் லூர்துசாமி வந்திருந்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கூட்டம் சேர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருந்து வைத்திலிங்கம் போனார். லூர்துசாமி எழுந்து கும்பிட்டார்.

"வாங்க சார். உங்க வீட்டு ஓட்டுப் போட்டாச்சே."

"யாரு போட்டது?"

"அம்மா காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்கு ஒண்ணுதான சார்?"

யாருக்குப் போட்டாய் என்று அன்று முழுவதும் கேட்டார். "ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதான நோட்டீஸ்ல எழுதியிருந்தீங்க?" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

பொன்னுரங்கம் நாற்பத்தொன்று. சவரியம்மாள் முப்பத்தெட்டு. பேராசிரியர் வைத்திலிங்கம் ஒன்பது. அவருடைய சொந்தத் தெருவில் மட்டும் பதினெட்டு வீடு.

ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை அவர். ஜனங்கள் பக்குவப்படவில்லை என்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்தின் ஆட்சி அதற்குச் சாட்சி சொல்வதுபோலவே நடந்தது. தண்ணீர்த் தொட்டியின் நாலு பக்கமும் அவர் பெயர் ஏறியது. தெருக் கால்வாய் கட்டுவதற்கு அவர் கடைச் சிமெண்டே வந்தது, கால்வாய் வரவில்லை. தனக்கு ஓட்டுப் போட்டது யார், போடாதது யார் என்று கணக்குப் பார்த்து வால்வு திறந்தார். பழைய காலத்தில் நாலாந்தெரு மட்டும் காய்ந்தது. இப்போது எல்லாத் தெருக்களும் விட்டு விட்டுக் காய்ந்தன. அந்த அளவில் சமத்துவம் வந்திருந்தது. கடைசியாகப் பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் கொட்டகை போட்டுச் சிமெண்ட் மூட்டை அடுக்கப்போகிறார் என்று பேச்சு வந்ததும், சௌந்தரம் முதல் தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு மாமன் வீட்டுக்கு வந்தார்.

"போதும் மாமா இந்த ஜனநாயகம். எலெக்‌ஷன் செல்லாதுன்னு ஒரு தீர்மானம் போடுவோம். நீங்க பழையபடி வந்து ஒக்காருங்க."

வைத்திலிங்கம் மார்பை நிமிர்த்தினார். மீட்சி! வரலாற்றில் எத்தனை மன்னர்கள் இப்படி ஜனங்கள் கண்ணீரோடு அழைக்கத் திரும்பியிருக்கிறார்கள்! கீழ்த்தெருக்களின் ஆதரவும் வேண்டும் என்பதால் சவரியம்மாளை வரச்சொல்லியிருந்தார்கள். மூன்று ஓட்டில் தோற்றவர், அவருக்கில்லாத ஆத்திரமா?

சவரியம்மாள் ட்யூட்டி முடிந்து, புடவைகூட மாற்றாமல் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அவரு திருடருதான். எனக்கு ஒண்ணும் சந்தேகமில்ல" என்றார். "ஆனா நாம ஓட்டுப் போட்டு வெச்ச திருடரு. ஓட்டுப் போட்டுத்தான் அனுப்பணும். கொட்டகைய எதுத்து மனு குடுங்க, நாலாந்தெருவே கையெழுத்துப் போடுது. எலெக்‌ஷன் செல்லாதுங்கிறதுக்கு மட்டும் நான் வரமாட்டேன்."

"இன்னும் ரெண்டு வருஷம் தண்ணியில்லாம இருப்பீங்களா சிஸ்டர்?" என்றார் சௌந்தரம்.

"பதினாலு வருஷம் இருந்துட்டம் சார். பழக்கந்தான்."

வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மனுக் கொடுக்க ஒருவரும் நிற்கவில்லை. சவரியம்மாள் வாசலில் திரும்பி, "கடலூர்ல நீங்க சொன்னதுதான சார் இது?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் வைத்திலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

விஷயம் பொன்னுரங்கத்தின் காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே பழத்தட்டோடு வந்து இரண்டு கையும் குவித்தார்.

"அய்யா, நீங்க இல்லாம நகருக்கே களையில்லிங்க. நிரந்தர கௌரவத் தலைவர்னு ஒரு பதவி உண்டாக்கியிருக்கேன். வேல ஒண்ணும் கெடையாது. எல்லா விழாவுலயும் நடு நாற்காலி உங்களுக்குத்தான். வர வெள்ளிக்கிழம கொட்டகத் தெறப்பு. ரிப்பன் நீங்கதான் வெட்டணும்."

"அது பூங்கா எடமில்ல?"

"பூங்காவும் வரும்ங்கய்யா. மூட்டைக்குப் பின்னாடி வரும்."

அன்று மாலை வைத்திலிங்கம் மனைவிக்கு விளக்கினார். "மன்னர் ஆள்வதில்லை, வீற்றிருக்கிறார். அரசியலமைப்பு முடியாட்சியோட முதிர்ந்த நிலை இதுதான்."

"வெள்ளிக்கிழம நான் வரல. எனக்குத் தலைவலி" என்றார் சந்திரலேகா.

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கே?"

"வரும்."

வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டினார். பொன்னுரங்கம் எழுதித் தந்த உரையைப் படித்தார். அதில் 'வளர்ச்சி நாயகன்' என்று பொன்னுரங்கத்தின் பெயருக்கு முன்னால் மூன்று இடத்தில் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சவரியம்மாளின் மகள் சுவேதா நின்றிருந்தாள். கடலூர் மேடையில் நன்றியுரையில் அவரை 'வழிகாட்டி' என்று சொன்ன பெண். இப்போது அவள் கைதட்டவில்லை, முறைக்கவுமில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறமும் நடு நாற்காலி ஒவ்வொரு விழாவிலும் போடப்பட்டது. அவர் ஒவ்வொரு விழாவிலும் உட்கார்ந்தார்.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. மரம் சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது. கரண்ட் வர நாளாயிற்று. பொன்னுரங்கம் ஜெனரேட்டர் கொண்டுவந்து மோட்டார் போட்டார், தன் ஆட்கள் வீட்டுக்கு மட்டும். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களிலேயே பாதிப் பேருக்குத் தாங்கள் அவருடைய ஆட்கள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சவரியம்மாள் கடலூர் ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களுக்கு நடுவே இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, மற்றத் தெருவாசிகளைக் கூட்டி லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்தார். வரிசையில் சௌந்தரமும் குடத்தோடு நின்றார். பொன்னுரங்கம் கொடுத்த அதே குடம்.

அடுத்த மாதம் தேர்தல். இந்தத் தடவை பொன்னுரங்கம் பிரஷர் குக்கர் கொடுத்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சவரியம்மாள் ஜெயித்தார்.

வைத்திலிங்கம் புது நிர்வாகத்தின் முதல் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய் நடு நாற்காலியைத் தேடினார். எல்லா நாற்காலியும் வட்டமாகக் கிடந்தன. வட்டத்தில் நடு ஏது? ஓர் ஓரமாக உட்கார்ந்தார். இரண்டாவது தீர்மானம், நிரந்தர கௌரவத் தலைவர் பதவியை எடுத்துவிடுவது. சவரியம்மாள் அவரைப் பார்த்து, "சார், இது உங்க மேல கோவமில்ல. நிரந்தரம்கிற வார்த்தை மேலதான். நீங்க எதாவது சொல்றதுன்னா சொல்லுங்க" என்றார்.

என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார். கடலூரில் பேசிய வாக்கியங்கள் மட்டுமே நினைவுக்கு வந்தன. அவை எல்லாமே எதிர்த்தரப்புக்குச் சாதகம். ஒன்றுமில்லை என்று கையசைத்தார். ஆதரவாக எழுந்த கைகளைத் திரும்பிப் பார்த்தார். நாலைந்து நாற்காலி தள்ளி வளையல் போட்ட ஒரு கை, அவர் முப்பத்தாறு வருஷமாகப் பார்த்துப் பழகிய கை, எல்லாக் கைகளையும்விட உயரமாக நின்றது.

பங்குனியில் அவர் வீட்டு வாசல் விளக்கு எரியாமல் போயிற்று. பழைய காலமாக இருந்தால் ஒரு போன் போதும். இப்போது விதி வந்திருந்தது: பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து சொன்னால்தான் எதுவும் கூட்டத்தில் வரும். மேல் இரண்டு தெருவிலும் கேட்டுப் பார்த்தார். சேர்ந்து கேட்பது தங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று ஆறு வீட்டோடு நின்றுவிட்டது. நாலு வீடு குறைந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு குடையை ஊன்றிக்கொண்டு நாலாந்தெருவுக்கு நடந்தார். மூன்றாந்தெரு தாண்டி ரோடு சட்டென்று இன்னும் கீழே இறங்கியது. இவ்வளவு இறக்கமா என்று நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் சுவர்களில் முழங்கால் உயரத்துக்குப் பழைய வெள்ளத்தின் கறை ஒரே கோடாக ஓடியது. முதல் வீட்டு கேட்டைத் தட்டினார். புதிதாகக் குடிவந்தவர் போலிருக்கிறது. பனியனோடு ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"யாரு சார் வேணும்?"

வைத்திலிங்கம், "பேராசிரியர்..." என்று தொடங்கினார். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முன்னாள் தலைவர் என்று சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழுதது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் சொல்லுங்க சார்" என்றான்.

"ரெண்டாந்தெரு. வைத்திலிங்கம்" என்றார். "மெம்பர்."